இரட்டைத் தட்டிலிருந்து லினக்ஸ் கணிப்பொறியைத் துவக்குதல்

மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் அமைந்துள்ள கோலார் தங்கவயல், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுக் காலம் பொன் எடுக்கப்பெற்ற நிலமாகும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர்களின் உழைப்பால் அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அத்துணை ஆழத்தில் மேற்பாறையின் சுமை மிகப் பெரிது. பொன் தாது அகற்றப்பட்ட வெற்றிடங்களைச் சூழ்ந்து நிற்கும் பாறை, தாங்கும் அளவு தாங்கிப் பின் நொடிப்பொழுதில் உடைந்து சிதறுவதுண்டு. நூல் வழக்கில் இது பாறை வெடிப்பு எனப்படும். தங்கவயல் சுரங்கத்தாரின் பழைய வழக்கில் இதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். இதனால் மாண்ட தொழிலாளர் பலர்.

பாறை வெடிப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை அறிவதற்காக, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் ஒத்துழைப்புடன் 1978-ஆம் ஆண்டில் தங்கவயலில் நில அதிர்ச்சி உணர்விகளின் வலையொன்று அமைக்கப்பெற்றது. இம்முறையின் தத்துவம் எளியது. கடினப் பாறையில் அதிர்ச்சி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. ஓர் உணர்வியைவிட மற்றோர் உணர்வி 3 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பின், அலை அதனிடம் அரை நொடி தாமதித்து வந்து சேரும். பல உணர்விகளில் அலை வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு, அது புறப்பட்ட இடத்தைக் கணிப்பொறி கணக்கிடுகின்றது. 1988-ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோற்றுவிக்கப்பட்டமைக்கும் இத்தகைய ஆய்வுகளே அடிப்படை எனலாம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்று சுரங்கங்களில் நீர் நிரம்பத் தொடங்கிய பின்னரும் அதிர்ச்சிகள் நின்றுவிடவில்லை.

அதே சுரங்கங்களின் ஆழத்தில் வேறொரு வகை ஆராய்ச்சியும் நடைபெற்றது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயம் 1965-ஆம் ஆண்டில் இங்குக் கண்டறியப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் கூடி அதனைச் செய்தனர். 1980-இல் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் தொடங்கிற்று. இவற்றுக்கு முன்னர் நடந்த ஒரு சோதனையில், 2.7 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் இரண்டு மாத காலம் காத்திருந்தும் ஒரு மியூவான் துகள்கூடப் பதிவாகவில்லை. எதிர்பார்க்கும் நிகழ்ச்சி இத்துணை அரிதாக இருக்குமிடத்தில், ஒவ்வொரு பதிவும் எவ்வளவு மதிப்புடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நில அதிர்ச்சியாயினும் துகளாயினும் முன்னறிவிப்புடன் வருவதில்லை. வந்தது திரும்பவும் வருவதில்லை. ஆகவே இத்தகைய பதிவு நிலையத்திலுள்ள கணிப்பொறி இரவு இரண்டு மணிக்கு நின்றுபோய், காலை பத்து மணிக்கு ஊழியர் வந்து பார்க்கும்வரை கிடப்பின், அவ்வெட்டு மணி நேரமும் என்றென்றைக்கும் இழப்பேயாகும். மழைமானி நிலையத்திற்கும் ஆற்றுநீர் மட்டத்தை அளக்கும் நிலையத்திற்கும் இது பொருந்தும். கணிப்பொறியின் உறுப்புகளுள் தேய்ந்து பழுதுறும் இயல்பு மிகுந்தது அதன் காந்தத் தட்டு. அத்தட்டு பழுதுற்றாலும் கணிப்பொறி தொடர்ந்து இயங்குவதற்கும், மின்சாரம் நின்று வந்தபின் தானே எழுவதற்கும் செய்ய வேண்டிய ஏற்பாட்டை இக்கட்டுரை விளக்குகின்றது.

தட்டுகளை அணிசேர்த்தல்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். அவர்கள் இதற்கு 'ரெய்டு' எனப் பெயரிட்டு, முறைகளை எண்களால் வகுத்தனர். முதல் எண் முறையில், ஒரு தட்டில் எழுதுவதெல்லாம் மற்றொரு தட்டிலும் அப்படியே எழுதப்படும். ஐந்தாம் எண் முறையில் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். இரண்டு தட்டுகளின் செய்தியிலிருந்து பெறப்படும் சரிபார்ப்பு எண் மூன்றாவதில் அமையும். 1011 என்பதையும் 0110 என்பதையும் இடத்துக்கிடம் ஒப்பிட்டு, ஒத்திருக்கும் இடத்தில் 0-வும் வேறுபடும் இடத்தில் 1-ம் இட்டால் 1101 கிடைக்கும். இரண்டாவது தட்டு அழிந்துவிட்டதாகக் கொள்க. 1011-ஐயும் 1101-ஐயும் அவ்வாறே ஒப்பிட்டால், இழந்த 0110 மீண்டும் வெளிப்படும். மேல்வகுப்பு மாணவர்கள் கரும்பலகையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்.

இவ்வேலையைச் செய்வதற்கென்றே தனிப்பட்ட மின்னணுப் பலகைகள் விற்கப்படுகின்றன. ஆனால் அப்பலகையே பழுதுற்றால், அதே வகைப் பலகையைத் தேடிப் பெறும்வரை தட்டுகளைப் படிக்க இயலாது போகக்கூடும். லினக்ஸில் தனிப் பலகை தேவையில்லை. அதன் மையப்பகுதியாகிய கெர்னலே அணிசேர்க்கும் வேலையைச் செய்துவிடுகின்றது. அணியை உருவாக்கவும் பழுது நீக்கவும் 'எம்டிஆடம்' என்னும் கருவி பயன்படுகின்றது. இவ்வாறு அமைத்த தட்டை எந்த லினக்ஸ் கணிப்பொறியில் பொருத்தினாலும் படிக்கலாம். சிற்றூர் நிலையத்திற்கு இதுவே உகந்தது. பொருட்செலவும் மிகக் குறைவு. இன்னொரு தட்டின் விலை மட்டுமே.

சாவி அடித்தளத்தில் தொங்குவது

இனி முக்கியமான இடர்ப்பாட்டிற்கு வருவோம். இரு தட்டுகளையும் ஒன்றாகக் காண்பது கெர்னல். அக்கெர்னலோ அந்தத் தட்டுகளில்தான் ஒரு கோப்பாகக் கிடக்கின்றது. அணியைச் சேர்த்தாலன்றிக் கெர்னலைப் படிக்க முடியாது. கெர்னலைப் படித்தாலன்றி அணியைச் சேர்க்க முடியாது. சுரங்கக் கூண்டை இறக்கும் விசையின் சாவி சுரங்கத்தின் அடித்தளத்தில் தொங்குவது போன்ற நிலை இது.

இம்முடிச்சு எவ்வாறு அவிழ்க்கப்படுகின்றது என்பதை அறிய, கணிப்பொறி எழும் ஒழுங்கைக் காணவேண்டும். மின்விசையை அழுத்தியவுடன் முதலில் இயங்குவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல். பழைய பொறிகளில் இதனைப் 'பயாஸ்' என்பர். அதற்கு ரெய்டு என்பதே தெரியாது. கோப்பு என்பதும் தெரியாது. தனக்குக் குறிக்கப்பட்ட ஒரே ஒரு தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அவற்றை இயக்கத் தொடங்குவது ஒன்றே அதன் பணி. அந்த 512 பைட்டுகளில் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு 64-ம் முத்திரைக்கு 2-ம் போக, துவக்க நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகளே. இவ்வளவு சிறிய இடத்தில் அணி சேர்க்கும் அறிவைப் புகுத்த இயலாது. ஆகவே இந்நிரல், முதற் கூறுக்கும் முதற் பிரிவுக்கும் இடையே விடப்பட்டுள்ள வெற்றிடத்திலிருந்து சற்றுப் பெரிய நிரலொன்றை அழைக்கின்றது. புதிய முறைப் பிரிவு அட்டவணை கொண்ட தட்டாயின், இதற்கெனவே 1 மெகாபைட்டளவில் ஒரு சிறு பிரிவு ஒதுக்கப்படும். 'கிரப்' என்னும் துவக்கியின் இவ்விரண்டாம் நிலை நிரலில் லினக்ஸ் அணியைப் படிக்கும் பகுதியும், தான் தேட வேண்டிய அணியின் அடையாள எண்ணும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. அது அணியைக் கண்டு, அதிலிருந்து கெர்னலையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் தற்காலிகக் கோப்புப் பொட்டலத்தையும் நினைவகத்தில் ஏற்றுகின்றது.

அப்பொட்டலத்தினுள் எம்டிஆடம் கருவியும் அணிகளின் அடையாளக் குறிப்பும் உள்ளன. கெர்னல் விழித்தவுடன் பொட்டலத்தைப் பிரித்து, அணியைச் சேர்த்து, மூலக் கோப்பமைப்பை அதன்மீது பொருத்திக்கொள்கின்றது. அதன் பின்னர்ப் பொட்டலம் தேவையில்லை. சாவியின் படியொன்றை மேலேயே வைத்துவிட்டமையால் கூண்டு இறங்கிவிட்டது.

இதிலிருந்து விளங்கும் ஒரு செய்தியே இக்கட்டுரையின் உயிர்நாடி. துவக்க நிரல் கிடக்கும் இடம் அணிக்கு உள்ளே இல்லை. அணிக்கு வெளியே, ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியாக உள்ளது. ஆகவே அணி தன் உள்ளடக்கத்தை இரு தட்டிலும் ஒன்றாக வைத்திருப்பினும், துவக்க நிரலைத் தானாகப் படியெடுப்பதில்லை. முதல் தட்டில் மட்டும் கிரப் எழுதப்பட்டிருந்து, அத்தட்டே பழுதுற்றால், இரண்டாம் தட்டில் அத்தனை பதிவுகளும் நலமாக இருந்தும் கணிப்பொறி எழாது. சுரங்க விதிகள் ஒவ்வொரு வேலைத் தளத்திற்கும் வெளியேறும் வழிகள் இரண்டு வேண்டுமென விதிக்கின்றன. வரைபடத்தில் இரண்டாவது வழி இருந்து, நேரில் சென்றால் அது அடைபட்டிருப்பதைப் போன்றதே மேற்கூறிய நிலை. கிரப்பை எழுதும் ஆணையை இரு தட்டுகளின் பெயரிலும் ஒவ்வொரு முறை கொடுக்க வேண்டும். பிரிவின் பெயரை அன்று, முழுத் தட்டின் பெயரையே குறிக்க வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் கிரப் தொகுப்பை மறு அமைப்புச் செய்யும்போது எந்தெந்தத் தட்டில் எழுதுவது என்ற வினா தோன்றும். அங்கு இரண்டையும் குறித்துவிட்டால், பின்னாளில் கிரப் புதுப்பிக்கப்படும்போதும் இரண்டிலும் எழுதப்படும்.

அடையாளக் குறிப்பின் இருப்பிடம்

அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிரிவிலும், அது எந்த அணியைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பவற்றைக் கூறும் குறிப்பொன்று பதியப்பட்டிருக்கும். இக்குறிப்பின் வகைகள் நான்கு. 0.90, 1.0 என்னும் வகைகளில் அது பிரிவின் இறுதியில் அமையும், 1.1 வகையில் தொடக்கத்திலேயே, 1.2 வகையில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி. எம்டிஆடம் வேறு கட்டளையில்லாதபோது எடுத்துக்கொள்வது 1.2.

இது வெறும் ஏட்டு நுணுக்கமன்று. குறிப்பு இறுதியில் இருக்குமாயின், முதல் எண் முறை அணியின் ஒரு பாதியை ரெய்டு அறியாத நிரலும் சாதாரணப் பிரிவாகவே எண்ணிப் படித்துவிடும். லிலோ, பழைய கிரப் ஆகியவற்றின் காலத்தில் துவக்கப் பிரிவை 0.90 வகையில் அமைக்க வேண்டுமென வற்புறுத்தப்பட்டதன் காரணம் இதுவே. 0.90 வகைக்கு இன்னொரு சலுகையும் உண்டு: உரிய குறியீடு இடப்பட்ட பிரிவுகளைக் கெர்னல் பொட்டலத்தின் உதவியின்றித் தானே அணிசேர்த்துவிடும். ஏனைய வகைகளுக்குப் பொட்டலம் இன்றியமையாதது. இக்காலக் கிரப் எல்லா வகைகளையும் படிக்கவல்லதாதலின் 1.2 வகையே போதும். பழைய வழிகாட்டி நூல்களைப் பின்பற்றுவோர் இக்கால வேறுபாட்டை நினைவிற் கொள்ளவேண்டும்.

புதிய பொறிகளில் பயாஸின் இடத்தில் 'யூஈஎஃப்ஐ' என்னும் விரிவான நிரல் உள்ளது. இதற்குக் கோப்பு தெரியும். ஆனால் ஃபாட் என்னும் எளிய கோப்பமைப்பு மட்டுமே தெரியும். துவக்கி இதற்கென ஒதுக்கிய ஃபாட் பிரிவில் கோப்பாக வைக்கப்படுகின்றது. இப்பிரிவையும் 1.0 வகையில் அணிசேர்த்துவிடுவோர் உளர். அது பெரும்பாலும் பயன் தருமாயினும், யூஈஎஃப்ஐ தானே அப்பிரிவில் ஏதேனும் எழுதிவிட்டால் இரு பாதிகளும் வேறுபட்டுவிடும். அணி அதனை அறியாது. ஆகவே தட்டுக்கொரு பிரிவாக இரண்டைத் தனித்தனியே அமைத்து, ஒன்றில் மாற்றம் செய்யும்போதெல்லாம் மற்றொன்றுக்கும் படியெடுத்து, தாய்ப்பலகையின் துவக்கப் பட்டியலில் இரண்டையும் பதிவதே நேரிய முறை. சிறிது உழைப்பு அதிகம், ஐயத்திற்கு இடமில்லை.

இங்கு ஒரு கண்ணி உண்டு. பொருத்த வேண்டிய பிரிவுகளின் பட்டியலில் இந்த ஃபாட் பிரிவும் இடம்பெறும். அது கிடந்த தட்டு பழுதுற்றால், எழுந்து வரும் லினக்ஸ் அப்பிரிவைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பின் அவசர நிலைக்குச் சென்று கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அணி நலமாக இருந்தும் நிலையம் எழாது. பட்டியலில் அவ்வரிக்கு 'நோஃபெயில்' என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால், அப்பிரிவு இல்லாவிடினும் துவக்கம் தொடரும். அவ்வாறே தட்டுகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களால் எங்கும் குறித்தலாகாது. முதல் தட்டு மறைந்தால் இரண்டாவது தட்டே எஸ்டிஏ ஆகிவிடும். மாறாத அடையாள எண்ணாலேயே குறிக்க வேண்டும். இடமாற்று நினைவகப் பிரிவையும் அணிக்குள் வைத்தல் நலம். இல்லையேல் தட்டு பழுதுறும் கணத்தில், அங்கு ஒதுக்கப்பட்டிருந்த நிரல்கள் குலைந்து பொறி நின்றுவிடக்கூடும்.

தட்டை மாற்றுதல்

அணியின் நிலையை 'எம்டிஸ்டாட்' என்னும் கோப்பில் காணலாம். இரு தட்டும் நலமாயின் அடைப்புக்குள் இரண்டு 'யூ' எழுத்துகள் தோன்றும். ஒன்று விழுந்தால் அவ்விடத்தில் கீழ்க்கோடு இருக்கும். ஒரு தட்டு விழுந்தாலும் நிலையம் தடையின்றி ஓடுவதால், எவரும் அதனைக் கவனிக்காமற் போவதே இம்முறையின் மிகப் பெரிய தீங்கு. மாதக்கணக்கில் ஒற்றைத் தட்டில் ஓடிய பின்னர் அதுவும் நின்றுவிட, 'ரெய்டு பயனற்றது' என்று முடிவு செய்வோர் உளர். எம்டிஆடமின் கண்காணிப்புப் பணியை இயக்கி, மின்னஞ்சல் வசதியில்லாத நிலையத்தில் ஒலி எழுப்பவாவது ஏற்பாடு செய்தல் வேண்டும். நாட்குறிப்பில் மழையளவைப் போல அணியின் நிலையையும் தினமும் எழுதச் செய்வது இன்னும் எளிது.

புதிய தட்டைப் பொருத்தியதும், பழைய தட்டில் உள்ளவாறே அதைப் பிரிவுகளாக வகுத்து, அணியில் சேர்க்க வேண்டும். உடனே படியெடுப்புத் தொடங்கும். 4 டெராபைட் தட்டில் நொடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதப்பட்டால், 40,00,000-ஐ 150-ஆல் வகுக்க 26,667 நொடிகள், அதாவது ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். இடையில் மின்சாரம் நின்றால், தொடங்கியபின் மீதமுள்ளதைச் செய்து முடிக்கும்.

படியெடுப்பு முடிந்து இரண்டு 'யூ' எழுத்தும் தோன்றிவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதுவது இயல்பு. அதுவே தவறும் இடம். புதிய தட்டின் முதற் கூறு வெறுமையாகவே கிடக்கின்றது, ஏனெனில் அது அணிக்கு வெளியே உள்ளது. இப்போது கிரப்பை அத்தட்டில் எழுதாவிடின், ஓராண்டு கழித்துப் பழைய தட்டு விழும்போது, அன்று பணியிலிருக்கும் வேறோர் ஊழியர் எழாத கணிப்பொறியின் முன் நிற்பார். யூஈஎஃப்ஐ பொறியாயின் ஃபாட் பிரிவின் படியும் பட்டியற் பதிவும் இவ்வாறே புதிதாகச் செய்யப்பட வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

அமைத்த ஏற்பாடு உண்மையில் வேலை செய்யுமா என்பதை அறிய ஒரே வழி, பொறியை நிறுத்தி, ஒரு தட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் துவக்கிப் பார்ப்பதுதான். அணி குறைபட்ட நிலையில் எழுவதற்குச் சிறிது நேரம் கூடுதலாகப் பிடிக்கும். காணாத தட்டு வந்து சேருமா என அது காத்திருக்கும்.

இச்சோதனையில் ஒழுங்கு முக்கியம். முதலில் 'ஆ' என்னும் தட்டைக் கழற்றி, 'அ' தட்டில் மட்டும் பொறி எழுந்ததாகக் கொள்வோம். அக்கணம் முதல் 'அ'-வில் புதிய எழுத்துகள் சேர்கின்றன, 'ஆ' பின்தங்கிவிடுகின்றது. இப்போது 'ஆ'-வை மீண்டும் இணைத்து, அணியில் சேர்த்து, படியெடுப்பு முழுவதும் முடியும்வரை பொறுத்திருந்த பின்னரே 'அ'-வைக் கழற்றவேண்டும். பொறுமையின்றி உடனே 'அ'-வைக் கழற்றி 'ஆ'-வில் துவக்கினால், அதிலும் புதிய எழுத்துகள் சேர்ந்து, ஒரே அணியின் இரு பாதிகள் இரு வேறு வரலாறுகளைக் கூறத் தொடங்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஏதேனும் ஒன்றைக் கைவிட நேரிடும். எழுதிய இடங்களைக் குறித்துவைக்கும் வரைபட வசதி அணியில் இருப்பின், மறுசேர்க்கையில் மாறிய இடங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இவ்வசதியை முதலிலேயே சேர்த்துக்கொள்வது நன்று.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பதிவு நிலையத்தின் பொறியைக் கொண்டு இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பென்டிரைவ்களை ஒரு லினக்ஸ் கணிப்பொறியில் செருகி முதல் எண் முறை அணியை உருவாக்கலாம். ஒரு படக்கோப்பை அதில் எழுதி, ஒன்றைப் பிடுங்கிவிட்டு, படம் இன்னும் திறப்பதை மாணவர்களுக்குக் காட்டலாம். அடுத்து, பிடுங்கியதை மீண்டும் அணியில் சேர்த்துப் படியெடுப்பு முடிந்தபின் படக்கோப்பை அழித்துவிட்டு, இரு பென்டிரைவிலும் அது ஒருசேர மறைந்ததையும் காட்டவேண்டும். அணி என்பது தட்டின் பழுதுக்கு மாற்றே தவிர, மனிதப் பிழைக்கு மாற்றன்று என்பதும், வேறோரிடத்தில் தனிப் படி வைத்தல் எப்போதும் வேண்டும் என்பதும் அவர்களுக்கு அப்போது விளங்கும். துவக்கத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர், மெய்நிகர் கணிப்பொறி ஒன்றில் இரு சிறு தட்டுகளை அமைத்து, கிரப்பை ஒன்றில் மட்டும் எழுதி, மற்றதைக் கொண்டு துவக்க முயன்று காட்டலாம். எழாத திரையைக் கண்ட மாணவர் காரணத்தைத் தாமே கேட்பர்.

நிலையத்தில் தட்டை மாற்றப் போகுமுன் செய்யவேண்டிய சிறு வேலை ஒன்று எஞ்சியுள்ளது. பெட்டியைத் திறந்தால் இரு தட்டுகளும் ஒன்றுபோலவே தோன்றும். பழுதுற்றதை விட்டு நலமானதைக் கழற்றிவிடுதல் மிக எளிது. ஒவ்வொரு தட்டின்மேலும் அச்சிடப்பட்டுள்ள வரிசை எண்ணை லினக்ஸே படித்துக் கூறும். அமைக்கும் நாளிலேயே அவ்வெண்ணையும், அது எந்த இணைப்பில் உள்ளது என்பதையும், கிரப் எழுதப்பட்ட தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்கதவில் ஒட்டிவைத்தல் வேண்டும். தட்டு மாற்றப்படும்போதெல்லாம் பழைய வரியை அடித்துப் புதிய வரியை அதன் கீழே எழுதுதல் வேண்டும்.